புத்தூரிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு? பறக்கும் நேரம், கால வேறுபாடு, வீடு முதல் விமானம் வரை: முழு விவரம்

புத்தூர்: ஆந்திரப் பிரதேசத்தின் புத்தூர், நகரி, நாராயணவனம் வட்டாரங்களிலிருந்து வேலைக்காகவும், உறவினரைக் காணவும், சுற்றுலாவுக்காகவும் வெளிநாடு செல்வோர் அடிக்கடி நாடும் நகரங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. முதன்முறையாகப் பயணச்சீட்டைக் கையில் வாங்குபவர் அதில் கண்டுள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்புவது இயல்பு. இரவு 11.30 மணிக்குச் சென்னையில் புறப்படும் விமானம் காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் தரையிறங்கும் எனச் சீட்டில் இருந்தால், பயணம் ஆறரை மணி நேரம் என்றே பலரும் கணக்கிடுகின்றனர். உண்மையில் அது சுமார் நான்கு மணி நேரப் பயணமே ஆகும்.

இந்தக் கணக்கில் ஏற்படும் சிறு பிழை, கடன் வாங்கிச் சீட்டு எடுத்த ஒருவரின் முதல் வேலைப் பயணத்தையே தவறவிடச் செய்யக்கூடும். தொலைவு, பறக்கும் நேரம், கால வேறுபாடு, வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நேரம் ஆகியவை குறித்த விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

சுருக்கமாக

சென்னை – சிங்கப்பூர் வான்வழித் தொலைவு: சுமார் 2,920 கி.மீ. (ஏறத்தாழ 1,580 கடல் மைல்)

நேரடி விமானப் பயண நேரம்: சுமார் 4 மணி முதல் 4 மணி 20 நிமிடம் வரை

கால வேறுபாடு: சிங்கப்பூர், இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளது

புத்தூர் – சென்னை விமான நிலையம்: சாலை வழியே சுமார் 115 முதல் 120 கி.மீ.

புத்தூரில் வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து சிங்கப்பூர் நிலையத்தை விட்டு வெளியே வரும் வரை: சுமார் 11 முதல் 12 மணி நேரம்

எந்தப் புத்தூர்?

கணக்கைத் தொடங்கும் முன் ஊரை உறுதி செய்துகொள்வது அவசியம். புத்தூர் என்னும் பெயரில் பல ஊர்கள் உள்ளன. கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்தில் ஒரு புத்தூர் உள்ளது. திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதிக்கும், இலங்கையின் யாழ்ப்பாணத்தில் ஓர் ஊருக்கும் இதே பெயர்தான். இணையத்தில் தொலைவு கணக்கிடும் கருவிகளில் ஊர்ப் பெயரை மட்டும் இட்டால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேறுபட்ட விடை கிடைக்கக்கூடும்.

இங்கே குறிப்பிடப்படுவது, சென்னை – திருப்பதி வழித்தடத்தில் நகரிக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே அமைந்துள்ள புத்தூர் ஆகும். நீண்ட காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. ரயில் பயணச்சீட்டு எடுப்போர் இந்த நிலையத்தின் குறியீடு பி.யு.டி. என்பதை நினைவில் கொள்ளலாம். கர்நாடகப் புத்தூரின் ரயில் நிலையம் கபக புத்தூர் என்று தனிப் பெயரால் வழங்கப்படுகிறது.

2,920 கி.மீ. என்பது எப்படிக் கிடைத்தது?

இரு நகரங்களுக்கு இடையே வானில் அளக்கப்படும் தொலைவு, பூமிக்கோளத்தின் வளைந்த மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளமாகும். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை சுமார் 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை சுமார் 80.2 பாகையிலும் அமைந்துள்ளது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில், சுமார் 1.4 பாகை அட்சரேகையிலும் 104 பாகை தீர்க்கரேகையிலும் உள்ளது. இவ்விரு புள்ளிகளுக்கும் இடையேயான கோணம் பூமியின் மையத்தில் சுமார் 26.3 பாகை ஆகும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. எனக் கணக்கிட்டால் 2,920 கி.மீ. என்ற விடை கிடைக்கிறது.

விமானிகள் தொலைவைக் கடல் மைலில் குறிப்பிடுவர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.க்குச் சமம். எனவே சில இணையதளங்களில் 1,580 என்றும், சிலவற்றில் 1,817 என்றும், வேறு சிலவற்றில் 2,920 என்றும் காணப்படும் எண்கள் முறையே கடல் மைல், மைல், கிலோமீட்டர் அளவுகளே அன்றி, வெவ்வேறு தொலைவுகள் அல்ல.

விமானம் இந்தக் கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. வகுக்கப்பட்ட வான்பாதைகள், புயல் மேகங்கள், ஓடுபாதையின் திசை ஆகியவற்றுக்கேற்பச் சிறிது விலகிப் பறக்கும். பொதுவாக, சென்னையை விட்டகன்றதும் வங்காள விரிகுடாவின் மேல் தென்கிழக்காகச் சென்று, நிக்கோபார் தீவுகளை ஒட்டிய வான்பரப்பைக் கடந்து, சுமத்திராவுக்கும் மலேசியத் தீபகற்பத்துக்கும் இடையேயுள்ள மலாக்கா நீரிணைப் பகுதி வழியாகச் சிங்கப்பூரை அடைகிறது.

நான்கு மணி நேரம் ஏன்?

பயணிகள் விமானம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மணிக்கு சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. இந்த வேகத்தில் 2,920 கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ 3 மணி 26 நிமிடங்களே தேவை. ஆனால் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவு. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குச் செல்லவும், தரையிறங்கியபின் முனையத்தை அடையவும் நேரம் ஆகிறது. இவை அனைத்தையும் சேர்த்தே நிறுவனங்கள் தங்கள் கால அட்டவணையில் நேரத்தைக் குறிக்கின்றன. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகரும் நேரமே புறப்பாட்டு நேரம் எனவும், மறுமுனையில் நிற்கும் நேரமே வருகை நேரம் எனவும் கொள்ளப்படுகின்றன.

காற்றும் தன் பங்கை ஆற்றுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேல் உயர் வளிமண்டலத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வலுவான காற்றோட்டம் நிலவுகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று எனப்படும் இதனை விளக்கி இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை உலக அளவில் அறியப்பட்டது. இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே காணப்பட்டாலும், கீழேயும் அதன் தாக்கம் உண்டு. இம்மாதங்களில் சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கு இது எதிர்க்காற்று. திரும்பி வரும் விமானத்துக்குத் துணைக்காற்று. எனவே ஒரே வழித்தடத்தில் மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் கூடியும் குறைந்தும் காணப்படுவது இயல்பே.

கடிகாரம் காட்டும் மாயம்

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்களே. குழப்பங்களுள் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை அறியாததால் ஏற்படுகின்றன.

சென்னையில் இரவு 11.30 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்தால், இந்திய நேரப்படி அதிகாலை 3.30 மணி ஆகும். அதனுடன் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால், சிங்கப்பூர் நேரப்படி காலை 6 மணி. திரும்பும்போது இக்கணக்கு தலைகீழாகிறது. சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் நாலேகால் மணி நேரம் பறந்து, அந்நகர நேரப்படி நள்ளிரவு 12.15 மணிக்குச் சென்னை சேரும். அப்போது சென்னையில் இரவு 9.45 மணிதான். சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒன்றே முக்கால் மணி நேரப் பயணமாகத் தோன்றும்.

துபாய்ப் பயணத்தோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். சென்னையிலிருந்து துபாய்க்கு வான்வழித் தொலைவு சுமார் 2,930 கி.மீ. அதாவது, கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் சென்னையிலிருந்து ஏறத்தாழச் சம தொலைவில் உள்ளன. பறக்கும் நேரமும் இரண்டுக்கும் நான்கு மணி நேரத்தை ஒட்டியதே. ஆனால் துபாய் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் உள்ளது. ஆகவே சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், சிங்கப்பூர் ஆறரை மணி நேரத் தொலைவில் இருப்பது போலவும், துபாய் இரண்டரை முதல் மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பது போலவும் தோன்றும்.

சிங்கப்பூருடனான கால வேறுபாடு எப்போதும் இரண்டரை மணி நேரமாக இருந்ததில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1981 டிசம்பர் 31 வரை அது இரண்டு மணி நேரமே. தீபகற்ப மலேசியா தன் நேரத்தை சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் உடன் மாறியது. 1982 ஜனவரி 1 முதல் அங்குக் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னகர்த்தப்பட்டன.

நள்ளிரவுச் சீட்டில் கவனம்

தென்கிழக்கு ஆசிய நகரங்களுக்கான விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டியே புறப்படுகின்றன. இங்குதான் தேதிப் பிழை நேர்கிறது. சீட்டில் "15-ஆம் தேதி, 00.30" என்று இருந்தால், அது 14-ஆம் தேதி இரவு கழிந்து வரும் நள்ளிரவு 12.30 மணியைக் குறிக்கும். அப்பயணி 14-ஆம் தேதி மாலையிலேயே புத்தூரிலிருந்து புறப்பட்டாக வேண்டும். 15-ஆம் தேதி இரவு புறப்படத் திட்டமிட்டிருப்பவருக்கு விமானம் ஏறத்தாழ ஒரு முழு நாளுக்கு முன்பே சென்றிருக்கும்.

வருகை நேரத்தின் அருகே "+1" என்ற குறி இருந்தால், மறுநாள் சென்றடையும் என்பது பொருள். அழைத்துச் செல்ல வருபவருக்கோ பணியமர்த்தும் நிறுவனத்துக்கோ தேதியைத் தெரிவிக்கும்போது வருகைத் தேதியையே குறிப்பிட வேண்டும்.

திருப்பதி விமான நிலையம் அருகில்தானே?

புத்தூர் மக்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. ரேணிகுண்டாவில் அமைந்துள்ள திருப்பதி விமான நிலையம் புத்தூரிலிருந்து 30 கி.மீ.க்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. அதன் புதிய முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2015 அக்டோபர் 22 அன்று திறந்து வைத்தார். 2017-இல் அதற்குப் பன்னாட்டு விமான நிலையத் தகுதியும் அளிக்கப்பட்டது. எனினும், அங்கிருந்து இயங்கும் சேவைகள் ஹைதராபாத் போன்ற உள்நாட்டு நகரங்களையே இணைத்து வந்துள்ளன.

திருப்பதியிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தொலைவு சுமார் 3,015 கி.மீ. சென்னையைவிட இது ஏறத்தாழ 90 கி.மீ. மட்டுமே கூடுதல், பறக்கும் நேரத்தில் ஆறேழு நிமிடங்களே மிகும். ஆனால் நேரடிச் சேவை இல்லாத நிலையில் ஹைதராபாத் வழியாகச் செல்பவர், முதலில் வடக்கே பறந்து, அங்குக் காத்திருந்து, மீண்டும் தென்கிழக்கே திரும்ப வேண்டும். எனவே தொலைவில் அருகிருக்கும் நிலையத்தைவிட, 115 கி.மீ.க்கு அப்பாலுள்ள சென்னையே புத்தூர்ப் பயணிக்கு நேரத்தில் அருகில் உள்ளது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இண்டிகோ உள்ளிட்ட நிறுவனங்கள் நேரடிச் சேவை வழங்குகின்றன.

இணையத்தில் சீட்டு எடுப்போர் நிலையக் குறியீடுகளையும் சரிபார்க்க வேண்டும். திருப்பதிக்கு டி.ஐ.ஆர்., திருச்சிராப்பள்ளிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. என மூன்றும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. சென்னையின் குறியீடு எம்.ஏ.ஏ.; சிங்கப்பூரின் குறியீடு எஸ்.ஐ.என்.

புத்தூரிலிருந்து மீனம்பாக்கம் வரை

சாலை வழியே இரு தடங்கள் உள்ளன. ஒன்று, நகரி, திருத்தணி, திருவள்ளூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. மற்றொன்று, நாராயணவனம், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் செல்லும் சாலை. திருவள்ளூர் வழியே வருவோர் நெமிலிச்சேரி அருகே வெளிவட்டச் சாலையில் திரும்பினால், நகர நெரிசலைப் பெருமளவு தவிர்க்கலாம். வழக்கமான நாளில் மூன்று மணி நேரம் ஒதுக்குவது பாதுகாப்பானது.

ரயிலில் வருவோர் புத்தூரிலிருந்து சுமார் 110 கி.மீ. பயணித்து சென்னை சென்ட்ரலை அடையலாம். திருப்பதி – சென்னை இடையேயான சப்தகிரி போன்ற ரயில்கள் இத்தடத்தில் இயங்குகின்றன. சென்ட்ரலிலிருந்து மெட்ரோ ரயில் நேரடியாக விமான நிலையத்துக்குச் செல்கிறது. நள்ளிரவுக்குப் பின் மெட்ரோ இயங்குவதில்லை என்பதால், அதிகாலையில் தரையிறங்குவோர் திரும்பும் வழியை முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. ஆரணியாற்றில் வெள்ளம் பெருகும் நாள்களில் ஊத்துக்கோட்டைத் தடத்தில் போக்குவரத்து பாதிக்கப்பட்டதுண்டு. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது சென்னை விமான நிலையமே பல நாள்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் தேங்கிச் சேவைகள் நிறுத்தப்பட்டன. இம்மாதங்களில் புறப்படும் முன் விமானத்தின் நிலையைக் கைபேசியில் சரிபார்ப்பது அவசியம்.

மொத்தக் கணக்கு

வெளிநாட்டுப் பயணத்துக்குப் புறப்பாட்டு நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தை அடைய அறிவுறுத்தப்படுகிறது. பெட்டிகளை ஒப்படைக்கும் கவுன்டர்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 முதல் 75 நிமிடங்களுக்கு முன் மூடப்படும். அதன்பின் குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகியவை உள்ளன. விமானத்தில் ஏறும் வாயில் சுமார் 20 முதல் 25 நிமிடங்களுக்கு முன்பே அடைக்கப்பட்டுவிடும்.

சாலைக்கு மூன்று மணி நேரம், நிலையத்தில் மூன்று மணி நேரம், வானில் நான்கு மணி நேரம், சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் ஒரு மணி நேரம் எனக் கூட்டினால், பதினொரு மணி நேரம் ஆகிறது. பறப்பது இதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே. இரவு 11.30 மணி விமானத்துக்குச் செல்பவர் மாலை 5 மணிக்குள் புத்தூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இந்தியக் குடிமக்களுக்குச் சிங்கப்பூர் செல்ல விசா தேவை. வேலைக்குச் செல்வோர் பணி அனுமதிக்கான முன்-ஒப்புதல் கடிதத்தை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, சென்றடையும் நாள் உட்பட மூன்று நாள்களுக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. கட்டணம் கேட்கும் இணையதளங்களும் முகவர்களும் அரசைச் சார்ந்தவர்கள் அல்லர்.

எலும்பு முறிவுக் கட்டுடன் பறக்கலாமா?

எலும்பு முறிவுக்கான பாரம்பரியச் சிகிச்சையான 'புத்தூர் கட்டு'க்கு இவ்வூர் பெயர் பெற்றது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து, கை கால் முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புவோர் ஒன்றை அறிய வேண்டும். விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. புதிதாக இடப்பட்ட மாவுக்கட்டினுள் சிக்கிய காற்று விரிவதாலும், உடலில் வீக்கம் கூடுவதாலும் இரத்த ஓட்டம் தடைபடக்கூடும். எனவே இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்புக்கு, மாவுக்கட்டு இட்டு 48 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சிங்கப்பூர்ப் பயணம் இவ்வகையில் அடங்கும். எந்த வகைக் கட்டாயினும், மருத்துவரின் சான்றுடன் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது பயணம் மறுக்கப்படுவதைத் தவிர்க்க உதவும்.

ஒரு வாரம் நான்கு மணி நேரமான கதை

இதே கடலைக் கடக்க ஒரு தலைமுறைக்கு முன் ஏறத்தாழ ஒரு வாரம் தேவைப்பட்டது. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் பல்லாயிரம் தமிழரையும் தெலுங்கரையும் ஏற்றிச் சென்றது. 1970-களின் தொடக்கத்தில் அதன் சேவை முடிவுற்றது. பின்னர் இயங்கிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் நேர்ந்த தீ விபத்து உயிர்களைப் பறித்தது. அத்துடன் அதன் பயணமும் முடிந்தது. அதன்பின் இவ்வழித்தடம் முழுவதும் வானுக்கு மாறியது. 1981-இல் செயல்படத் தொடங்கிய சாங்கி விமான நிலையமே இன்று சிங்கப்பூரின் நுழைவாயில்.

இருவழிப் போக்குவரத்து இது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் 1855-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் வழிபடும் குடும்பங்கள் பல, திருமலை தரிசனத்துக்காகச் சென்னையில் இறங்கி, புத்தூர் வழியாகவே திருப்பதி செல்கின்றன. அவர்களுக்கும் கணக்கு இதுவே: வானில் நான்கு மணி நேரம், தரையில் அதற்கு ஈடான நேரம்.

பிற ஆசிய நகரங்கள்: ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து வான்வழித் தொலைவும், நேரடி விமானத்துக்கான தோராய நேரமும், கால வேறுபாடும் பின்வருமாறு:

கொழும்பு: சுமார் 650 கி.மீ.; 1 மணி 20 நிமிடம்; வேறுபாடு இல்லை

பாங்காக்: சுமார் 2,230 கி.மீ.; மூன்றேகால் முதல் மூன்றரை மணி நேரம்; இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் முன்

கோலாலம்பூர்: சுமார் 2,630 கி.மீ.; 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; இரண்டரை மணி நேரம் முன்

சிங்கப்பூர்: சுமார் 2,920 கி.மீ.; 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; இரண்டரை மணி நேரம் முன்

துபாய்: சுமார் 2,930 கி.மீ.; 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; ஒன்றரை மணி நேரம் பின்

குவைத்: சுமார் 3,780 கி.மீ.; 5 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; இரண்டரை மணி நேரம் பின்

விமான நிறுவனங்கள் கால அட்டவணையைப் பருவத்துக்கேற்ப மாற்றுவதால், பயணத்துக்கு முந்தைய நாள் புறப்பாட்டு நேரத்தையும் முனைய எண்ணையும் மீண்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுமாறு பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.